முழுத் திறப்பில் எடுத்த படம்

பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற பலவேசம் இறந்த அன்று மத்தியானம், அவரைக் குளிப்பாட்டி, தாடையைத் துணியால் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியில் சந்தனம் அப்பி அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி, குடும்பம் மொத்தமும் அவருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்று படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் காசு மட்டும் தெளிவாக விழுந்தது, காசுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் மங்கலாக விழுந்தார்கள், படத்தில் எப்படி விழுந்தார்களோ அப்படியே பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் நேரிலும் ஆனார்கள். இருபத்திரண்டு பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது தவறு. இருபத்தொரு பேரும் ஒரு காலும் என்பதே சரி, ஏனென்றால் கடைசி மருமகளின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுததால் அந்த நொடியில் அதை யாரோ பக்கவாட்டில் இழுத்துக்கொண்டார்கள், சட்டகத்துக்குள் அதன் இடது கால் மட்டும் மிஞ்சியது, அந்தக் கால் மட்டும் மங்கியது.

படம் எடுத்தவன் தளவாய், பலவேசத்தின் மருமகன், குருவிமடையின் ஒரே ஸ்டுடியோவுக்குச் சொந்தக்காரன். நாற்காலிக்குப் பின்னால் ஓரடி தள்ளி, அழுத கண்ணைத் துடைக்காமல் நின்றவள் அவன் மனைவி முப்புடாதி, பலவேசத்தின் ஒரே மகள். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களுக்குப் பவுடர் போட்டு, காலரைச் சரிசெய்து, மோவாயை இரண்டு விரலால் தொட்டு நிமிர்த்துவது அவள்தான். குருவிமடையில் ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஒவ்வொருவர் மோவாயிலும் அவள் விரல் ஒரு தடவையாவது பட்டிருக்கிறது.

இனி அந்த லென்ஸ். அறுபது வருஷத்துக்கு முன்னால், கடல் கடந்த ஒரு தேசத்தில், இருட்டிலும் படம் எடுக்கக்கூடிய லென்ஸ் ஒன்றைச் செய்தார்கள். படக்காரர்கள் அதை வேகமான லென்ஸ் என்பார்கள். அது எங்கும் ஓடுவதில்லை, மனிதக் கண் வாங்குவதைவிட அதிகமான ஒளியை ஒரே மூச்சில் வாங்கும் என்பதுதான் அதன் வேகம். ஒளியை அப்படி அள்ளுகிற கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு: முழுதாகத் திறந்து வைத்தால் ஒரே ஒரு தளத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும், அதற்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதைப் பாலில் கரைத்ததுபோல் கரைத்துவிடும். அந்தக் கரைசலின் அழகுக்காக உலகத்தில் பலர் தூக்கம் கெட்டார்கள். செய்ததோ சில நூறு லென்ஸ், பிறகு செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வேறொரு கம்பெனி அதே லென்சைத் திரும்பவும் செய்யத் தொடங்கியது. பழைய சாமானைத் திரும்பச் செய்கிறவர்கள் வழக்கமாக அதன் குறைகளைக் களைவார்கள். இவர்கள் களையவில்லை, ஏனென்றால் வாங்குகிறவர்களுக்கு வேண்டியதே அந்தக் குறைகள்தான். பழைய லென்ஸ் ஒன்றைப் பிரித்து, அதன் ஒவ்வொரு பிசகையும் அளந்து, அதே அளவில் புதிய கண்ணாடியில் ஏற்றினார்கள். ‘மூல லென்சில் இருந்த எல்லாக் குறைகளும் இதிலும் உண்டு என்று உறுதி கூறுகிறோம்’ என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. நாங்கள் பலரும் அந்தச் சீட்டைப் பார்த்தோம், சிரித்தோம். எல்லாக் குறைகளும் என்றால் யாரும் எழுதி வைக்காத குறைகளும் அதில் சேர்த்தி என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பழைய லென்சில் எடுத்த பேர்பெற்ற படங்களில் பாடகியும் மந்திரியும் தெளிவாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மங்கலாகத் தட்டேந்தி நின்றவனும் காரோட்டியும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று இதுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

தளவாய் தன் மோட்டார் சைக்கிளை விற்று வரவழைத்த லென்ஸ், மாமனார் இறந்த அன்று காலையில் கூரியரில் வந்து சேர்ந்தது. வானம் மூடியிருந்தது, பந்தலுக்குள் கரண்ட் இல்லை, அவனிடம் ஃபிளாஷ் இருந்தது. ஆனாலும் அவன் லென்சை முழுதாகத் திறந்தான். அதை வாங்கியவன் வேறெதுவும் செய்திருக்க மாட்டான். கையால் திருகித்தான் குவிக்க வேண்டும், குவிப்பதற்குக் கூர்மையான விளிம்பு ஒன்று வேண்டும், பிணத்தின் கண்ணோ மூடியிருந்தது. காசின் விளிம்பு பளபளத்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“மாப்ள, எல்லாரும் விழுதோமா?” என்று பலவேசத்தின் மூத்த மகன் வேலாண்டி கேட்டான்.

“எல்லாரும் விழுதிய மச்சான். அசையாம நில்லுங்க.”

காசு அச்சடித்த வருஷம்கூட அந்தப் படத்தில் படிக்க முடிந்தது.

மூன்றாம் நாள், அழுதழுது முகம் வீங்கியிருக்கிறது என்று நினைத்தோம். எட்டாம் நாள், அவர்கள் வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை கலையவே இல்லை என்று பேசிக்கொண்டோம். பதினாறாம் நாள் உருமால் கட்டும் சடங்கில், மூத்த மகன் தலையில் துணியைச் சுற்ற வேண்டிய தாய்மாமன், தலை எங்கே முடிகிறது காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் இரண்டாவது மகன் தலையில் கட்டிவிட்டார், அதனால் எழுந்த சண்டையில்தான் விஷயம் எல்லோருக்கும் உறுதியாயிற்று. யாரும் அலறவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தோம், பாயசம் வந்துகொண்டிருந்தது.

“எனக்கு எல்லாம் தெளிவாத்தான தெரியுது,” என்றான் வேலாண்டி, உருமால் இல்லாத, ஓரங்கள் அவிழ்ந்த தலையுடன். “உங்க எல்லாரு கண்ணும் ஒரே நாள்ல கெட்டுப் போச்சாவே?”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு,” என்றார் சிகை திருத்தும் நாகு. “பின்னால நிக்க மரத்துல இலை எண்ணலாம் போல இருக்கு. ஒம்ம மூக்கைத்தான் காணும்.”

அடுத்த வாரமே நாகு அவர்களுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கன்னம் முடிகிற இடம் தெரியாமல் கத்தி வைப்பவன் தொழில்காரனா என்று அவர் கேட்டது நியாயம்தான். ரேஷன் கடை இயந்திரம் அவர்கள் பெருவிரலை எட்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்பதாவது முறை அணைந்துவிட்டது. விற்பனையாளர் அடுத்த மாதம் முதல் அவர்களைக் குரலைக் கேட்டு அரிசி போட்டார், அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கட்டைக் குரல் என்பதால் ஒருவரே மூன்று பேருக்கு வாங்கினார். பள்ளிக்கூடத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் நால்வரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டினார்கள். மூன்று மருமகள்களும் ஆளுக்கொரு நிறம், வாழ்நாள் முழுக்க அந்த நிறப் புடவைதான் கட்டுவது என்று உடன்பட்டு, பச்சை யாருக்கு என்பதில் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். பலவேசத்தின் வீட்டு முன்சுவரும் படத்தில் பின்னால் விழுந்திருந்ததால், அதன் வாசற்படியைக் காலால் துழாவித்தான் ஏற வேண்டியிருந்தது. தபால்காரர் நான்கு தடவை இடறி விழுந்தபின் கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்தார். ஒரு ஊருக்கு எதுவும் இரண்டு மாதத்தில் பழகிவிடும், அதற்குமேல் எடுத்துக்கொள்கிற ஊரைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஆவுடையம்மாள் வழியாக வந்தது.

ஆவுடையம்மாள் பலவேசத்தின் தங்கை. அண்ணன் வீட்டோடு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் சாவுக்கு வந்தவள் பந்தலுக்குள் நுழையாமல் தெருக்கோடி வேலியோரம், எல்லோருக்கும் பின்னால், முப்பதடி தள்ளி நின்றிருந்தாள். இருபத்தொரு பேர் கணக்கில் அவளை யாரும் சேர்க்கவில்லை, படம் சேர்த்துக்கொண்டது. அவள் முதலில் மங்கலானாள், பிறகு வெறும் புடவை நிறமானாள், பிறகு அந்த நிறமும் ஒரு நாள் காலையில் துளித்துளியாகப் பிரிந்து, அவள் வீட்டுத் திண்ணமான செங்கல் சுவரில் ஏழு ஒளி வட்டங்களாக நின்றது. நடுவில் இருந்தவை முழு வட்டம், ஓரத்தில் இருந்த இரண்டு எலுமிச்சம்பழம்போல் நீண்டிருந்தன. அந்த லென்ஸ் தூரத்து விளக்குகளை அப்படித்தான் வரையும் என்று தளவாய் எங்களுக்குச் சொன்னான். அவள் மகன் மூன்று வேளையும் சுவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்தான். முதல் வாரம் தட்டு காலியானது. இரண்டாவது வாரம் பாதி மீந்தது. அதற்குப் பிறகு மேகம் வந்தால் வட்டங்கள் தெரியாமல் போயின, வெயில் வந்தபின் எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருந்தன.

அண்ணனோடு பகை வைத்துக்கொண்டே சாவுக்கு வந்ததால்தான் அவளுக்கு இப்படி ஆயிற்று என்று நாங்கள் முடிவு கட்டினோம். தளவாய் வேறு மாதிரி சொன்னான். தேநீர்க் கடையில் எல்லோர் முன்னிலையிலும், பாஸ்போர்ட் படம் போட்டுக் கொடுக்கும் உறையின் பின்பக்கத்தில் கோடு கிழித்துக் காட்டிச் சொன்னான்: காசிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் நின்றார்களோ அவ்வளவு வேகமாகக் கரைவார்கள், பகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பின்னால் தள்ளி நிற்பதுதான் ஆபத்து.

“அப்பம் கிட்ட வந்து ஒட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?” என்று கேட்டார் பேரூராட்சித் தலைவர் மாடக்கண்ணு. “நல்ல கதையா இருக்கே. தீ புடிச்ச வீட்டுக்குள்ள போனா குளுரும்னு சொல்லுவ போல.”

கடை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே மாடக்கண்ணு ஓர் ஏற்பாடு செய்தார்: மங்கலானவர்கள் வந்தால் மற்றவர்கள் மூன்று அடி ஒதுங்கி நிற்பது. சித்திரையில் அது ஐந்து அடி ஆயிற்று, வைகாசியில் பத்து. குழாயடியிலும் கோயில் வாசலிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள், முப்புடாதி பவுடர் டப்பாவை எடுத்தாலே எழுந்து பின்னால் நகர்ந்து, “இருக்கட்டும் மதினி, நானே போட்டுக்கிடுதேன்,” என்றார்கள். அவள் கை நீட்டியபடி நிற்பாள். அந்தக் கையின் விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாததால், அவள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறாளா மடக்கிவிட்டாளா என்பதும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை. திருவிழாவுக்கு அவர்கள் வீட்டுக்கும் பொங்கல் கொடுத்தனுப்பினோம், கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுக் கூப்பிட்டோம்.

தளவாய் மனைவியைத் திரும்பப் பிடிக்க முயன்றான். மங்கலாக்கிய லென்ஸே தெளிவாக்கவும் வேண்டும் என்று நினைத்து, அவளை ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார வைத்து, முழுத் திறப்பில், ஒரு கை தூரத்தில், கண்ணிருக்க வேண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகக் குவித்துப் படம் எடுத்தான். மறுநாள் காலையில் அவன் விழித்தபோது பக்கத்தில் படுத்திருந்த மங்கலின் நடுவே, வலது கண்ணின் இமைமயிர்கள் மட்டும், ஒவ்வொன்றும் ஊசியால் கீறியதுபோல், கூர்மையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவன் கத்திய கத்தலில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன.

“கண்ணாடியில எனக்கும் அதுதான் தெரியுது,” என்றாள் முப்புடாதி. “முன்னயாவது ஒண்ணும் தெரியாது. இன்னொரு தடவ இப்படித் துண்டு துண்டா எடுத்திய, நான் எங்கயாவது போயிருவேன்.”

ஒரு கை தூரத்தில் அந்த லென்ஸ் தெளிவாகப் பார்ப்பது அரை விரற்கடை கனம்தான். இரண்டு மீட்டரில் நாலு விரற்கடை, ஐந்து மீட்டரில் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு, இருபது மீட்டர் போய்விட்டால் ஒரு லாரி நீளத்துக்கு எல்லாமே தெளிவு. இந்தக் கணக்கைத் தளவாய் ஏழு உறைகளின் பின்பக்கத்தில் போட்டான். பிழை இல்லை, நாங்கள் சரிபார்த்திருக்கிறோம். ஆகவே முழு ஆளையும் திரும்பக் கொண்டுவர அவளை விட்டு இருபது மீட்டர் விலகிப் போக வேண்டும். ஆனால் அவளுக்குப் பின்னால் அந்த லாரி நீளத்தைத் தாண்டி எது நின்றாலும் அது கரையும். லென்ஸின் வாயை ஒரு படி சுருக்கினாலோ அது மற்ற எல்லா லென்சையும்போல வெறும் லென்ஸ், எதையும் மங்கலாக்காது, யாரையும் மீட்காது. எனவே பின்னால் ஒன்றுமே இல்லாத இடம் வேண்டும்.

குருவிமடைக்குக் கிழக்கே பெரிய குளம், அந்த வருஷம் வற்றிக் கிடந்தது. குளத்துக்கும் ஊருக்கும் நடுவில் உயரமான கரை. குளத்துக்குள் குடும்பத்தை மேற்கே பார்க்க நிறுத்தி, தான் கரையடியில் நின்று எடுத்தால், அவர்களுக்குப் பின்னால் வெறும் களிமண்ணும் வானமும்தான் விழும் என்று தளவாய் திட்டம் போட்டான். களிமண் மங்கினால் யாருக்கு நஷ்டம். இருபத்தொரு பேருக்கும் கைக்குழந்தைக்கும் சொல்லிவிட்டான். ஆனி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் என்று நேரம் குறித்துக்கொண்டார்கள்.

அன்று விடிந்தபோது முப்புடாதியின் தோளில் ஒரு ஒளி வட்டம் இருந்தது. சின்னது, ஒரு மிளகு அளவு. அவள் அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், அது தலைப்புக்கு மேலே வந்தது. அவன் கேமராவைத் துடைத்த துணி நனைந்திருந்தது.

குளத்துக்குள் இறங்கியதும் வேலாண்டி மறுத்துவிட்டான்.

“மேக்க பாத்து நிக்கவா? அஸ்தமனத்தப் பாத்து நின்னா விளங்குமாவே? அப்பனுக்குத் தெக்க பாத்து நின்னதே போதும். கெழக்க பாத்துத்தான் நிப்போம்.”

“மச்சான், கெழக்க பாத்து நின்னா பின்னால கரை விழும். கரைக்குப் பின்னால ஊரு விழும்.”

“ஊரு விழட்டும். ஊரா நமக்கு உருமால் கட்டிச்சு?”

மற்ற தம்பிகள், மருமகள்கள், பிள்ளைகள் எல்லோரும், யாருடைய வாய் அசைந்தது என்று தெரியாத ஒரு முணுமுணுப்போடு, கிழக்கே திரும்பி நின்றார்கள். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. தளவாய் அவர்களைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், இருபது மீட்டரைக் கயிற்றால் அளந்து, கேமராவை நிறுத்தி, கண்ணை வைத்துப் பார்த்தான்.

கரைமேல் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

எல்லோரும் வந்திருந்தோம். கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, முன்னால் நிற்பவன் தலை மறைக்கிறது என்று திட்டிக்கொண்டு, வடகோடியிலிருந்து தென்கோடிவரை கரை நிறைய நின்றோம். அப்படி ஒரு வேடிக்கை அதற்கு முன் எங்கள் ஊரில் நடந்ததில்லை.

அவன் இரண்டு கையையும் வீசிக் கத்தினான்: “பின்னால நிக்காதிய! ரெண்டு ஓரமாப் போயிருங்க! படத்துல விழுதிய, ஓரமாப் போங்க!”

அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எங்களுக்குக் கேட்டது. காற்றுகூட எங்கள் பக்கம்தான் அடித்தது. ஆனால் ஓரமாகப் போனால் ஒன்றும் தெரியாது. மாடக்கண்ணு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “அவனுக்குப் பதட்டத்துல என்ன சொல்லுதோம்னு தெரியல. எல்லாரும் இன்னும் அம்பது அடி பின்னால போங்க. தள்ளி நின்னா ஒண்ணும் ஆவாது.” மூன்று மாதமாக நாங்கள் கற்றிருந்தது அது ஒன்றுதான். கரையின் பின்சரிவில் இறங்கி, பார்வை எட்டாததால் மாடிகளிலும் வைக்கோல் போர்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறி நின்றோம். மாடக்கண்ணுதான் எல்லோரையும்விடத் தள்ளி நின்றார், தலைவர் என்ற முறையில்.

தளவாய் கேமராவை விட்டுவிட்டு, வரிசையின் நடுவில் நின்ற முப்புடாதியிடம் வந்தான். அவள் சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டு பேசினான். அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற வேலாண்டி பிற்பாடு சொல்லித்தான் தெரியும், அவன் பொய் சொல்ல மாட்டான், அவ்வளவு கற்பனை அவனுக்குக் கிடையாது.

“ஒதுங்க மாட்டேங்காவ புடாதி. பின்னால பின்னாலதான் போறாவ. நான் அமுக்குனா மொத்த ஊரும் போயிரும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மங்கலானவர்களுக்கு மற்றதெல்லாம் தெளிவாகவே தெரியும், அதை முன்பே சொன்னோம். மாடிமாடியாக நின்ற எங்கள் ஒவ்வொருவரையும் அவள் பார்த்திருக்க வேண்டும்.

“அந்தா, மூணாவது மாடியில நிக்கது நாகு பொண்டாட்டிதான?” என்றாள்.

“ஆமா.”

“கையில பிள்ள இருக்கு.”

“ஆமா.”

தோளில் இருந்த வட்டம் அப்போது இரண்டாகியிருந்தது.

“மூணு மாசமாத் தள்ளித் தள்ளி நின்னுதான் என்னயப் பாத்தாவ,” என்றாள் முப்புடாதி. “இன்னுங் கொஞ்சம் தள்ளி நிக்கணும்னு ஆசப்படுதாவ. நிக்கட்டும். நீங்க போயி அமுக்குங்க.”

அவன் நகரவில்லை. வேலாண்டி மணியைப் பார்த்தான், ஏழே கால். தளவாய் திரும்பி நடந்தான். இருபது மீட்டரை நடக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்று நாங்கள் விசிலடித்தோம். அவன் குனிந்தான், குவித்தான், எங்களைப் பார்த்து ஒரு தடவை கையை வீசினான், நாங்களும் வீசினோம். பிறகு அமுக்கினான். நாங்கள் கை தட்டினோம்.

எட்டாம் நாள் அவர்கள் இருபத்தொரு பேரும் துடைத்த பாத்திரம்போல் ஆனார்கள். கைக்குழந்தையின் காலில் நகம் வந்தது. வேலாண்டி கடைத்தெருவில் மூக்கைத் தொட்டுக்கொண்டே நடந்தான். முப்புடாதியின் முகத்தில் முன்பு நாங்கள் கவனிக்காத ஒரு அம்மைத் தழும்புகூடத் தெரிந்தது. அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்து, ஊரில் எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டோம்.

பதினாறாம் நாள் குப்பை இல்லை என்று தெரிந்தது. மாடக்கண்ணு ஒரு மாதத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒன்பது வட்டங்களானார். ஓட்டுநர்கள் நிறுத்தத்தில் ஆள் நிற்கிறதா பனி நிற்கிறதா என்று தெரியாமல் பஸ்ஸை நிறுத்தாமல் போனார்கள், பிறகு அந்த வழித்தடத்தையே மாற்றிவிட்டார்கள். வீடுகளுக்குள் கதவு எது சுவர் எது என்று தடவிக்கொண்டு நடந்தோம். கணவன்மார் வேறு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், அதைச் சண்டையாக்கக்கூட யாரும் உறுதியாக இல்லை. நாகுவின் குழந்தை அழும், எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். வேலாண்டியும் தம்பிகளும் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்கள். தெளிவானவர்கள் இருக்க வேண்டிய ஊர் இது இல்லை என்றார்கள்.

தளவாயும் முப்புடாதியும் போகவில்லை.

இப்போது தினமும் காலையில் அவன் கரையடியில் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறான், இந்தத் தடவை சரியான பக்கத்தில், குளத்தைப் பார்த்து. குளத்துக்குள் இருபது மீட்டருக்கு அப்பால் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டிருக்கிறான். அந்தக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒரே வரிசையாக, மேற்கே பார்த்து நின்றால் போதும், பின்னால் களிமண்தான். முப்புடாதி கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிடுகிறாள். எங்களில் யார் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் கரையைப் பொதுவாகப் பார்த்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிடுகிறாள்: “நாகண்ணே, வாங்க. பூரணத்து மதினி, பிள்ளயத் தூக்கிட்டு வாங்க. முத்தையாச் சித்தப்பா. வள்ளிமயிலு. நான் சொன்னதுதான் தப்பு. வந்துருங்க, இன்னிக்கி மேகமில்ல.” குரல் உடைந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

எங்களுக்குக் கேட்கிறது. நாங்கள் கரைக்குப் பின்னால் கூடித்தான் நிற்கிறோம். ஆனால் அந்த லென்ஸின் முன்னால் முதலில் போய் நிற்பது யார் என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. அவள் ஒரு தடவை எங்களை விட்டுக்கொடுத்தவள் என்பதை மறக்க முடியாது, அவன் கணக்கு சரிதான் என்றாலும் கணக்கு வேறு கண்ணாடி வேறு. நேற்று அவள் நூற்றுப் பதினாறு பெயர் கூப்பிட்டாள். இன்று தொண்ணூற்றிரண்டோடு நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களை மறந்துவிட்டாளா, அல்லது கரைமேல் வெயிலில் நடுங்குகிற வட்டங்களை எண்ணிப் பார்த்துக் கழித்துவிட்டாளா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நாளைக்குக் காலையில் யாராவது ஒருவர் துணிந்து முதலில் இறங்க வேண்டும், அவருக்குப் பின்னாலேயே நாங்கள் எல்லோரும் வந்துவிடுவது என்று ஒருமனதாகப் பேசி வைத்திருக்கிறோம்.